பிலிப்பைன்ஸ் தெருவில் ஒரு பௌதிகப் பாடம்



பௌதிகம் என்றவுடன் உங்கள் நினைவுக்கு வருவது சோதனைச்சாலையும் அங்குள்ள தெர்மாமீட்டரும் கலோரிமீட்டரும்தான். ஆனால் வெப்பம், குளிர்ச்சி, நீராவி ஆகியவற்றைப் பற்றிய பாடங்களை எல்லாம் ஒரே தெருவில் நடந்துகொண்டே படிக்கலாம் என்றால் நம்புவீர்களா? அந்தத் தெரு பிலிப்பைன்ஸ் நாட்டில் இருக்கிறது. அங்கே விற்கும் பழைய காலத்துச் சிற்றுண்டிகளே நமக்குப் பாடப் புத்தகம்.

பிலிப்பைன்ஸ், பசிபிக் பெருங்கடலின் மேற்கு ஓரத்தில் 7,641 தீவுகளைக் கொண்ட நாடு. அதன் தலைநகர் மணிலா ஏறத்தாழ 14½ டிகிரி வட அட்சரேகையில் உள்ளது. நம் சென்னை இருப்பது 13 டிகிரியில். ஆகவே வெயிலில் இரு ஊர்களும் உடன்பிறப்புகள் எனலாம். அங்கும் அரிசிதான் முக்கிய உணவு. தென்னையும் வாழையும் மூங்கிலும் எருமையும் அங்கும் உண்டு. காலை உணவுக்கும் மதிய உணவுக்கும் நடுவிலும், பிறகு மாலையிலும் சிற்றுண்டி உண்பது அந்நாட்டு மக்களின் வழக்கம். இதை 'மெரியெண்டா' என்கிறார்கள். அது ஸ்பானியச் சொல். 1565 முதல் 1898 வரை அந்நாடு ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தது. அதன் எச்சம் இச்சொல்.

வாருங்கள், ஒவ்வொரு பண்டமாகப் பார்ப்போம்.

பனி பெய்யாத நாட்டில் பனிக்கட்டி

முதலில் 'ஹாலோ-ஹாலோ'. 'ஹாலோ' என்றால் அவர்களுடைய தகலோக் மொழியில் 'கலப்பது' என்று பொருள். உயரமான ஒரு கண்ணாடிக் கோப்பையில் இனிப்பூட்டிய பயறு, வாழைப்பழம், ஜவ்வரிசி, தேங்காய் வழுக்கை முதலியவற்றைப் போடுவார்கள். அவற்றின் மேல் சீவிய பனிக்கட்டியைக் கோபுரமாகக் குவித்துப் பாலை ஊற்றுவார்கள். உச்சியில் 'ஊபே' என்னும் ஊதா நிறக் கிழங்கின் இனிப்பு இருக்கும். இது வேறொன்றும் அல்ல, யாழ்ப்பாணத்தில் கூழாகக் காய்ச்சி உண்ணும் இராசவள்ளிக் கிழங்குதான். சிலர் நம் அவலைப் போன்ற 'பினிபிக்' என்ற பொருளையும் தூவுவார்கள். பிறகு எல்லாவற்றையும் கலந்து உண்ண வேண்டியதுதான்.

பனியே பெய்யாத சமவெளியில் பனிக்கட்டி எப்படி வந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டில் வட அமெரிக்காவின் ஏரிகளில் குளிர்காலத்தில் உறையும் பனியை வெட்டி எடுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் வெப்ப நாடுகளுக்கு அனுப்பினார்கள். ஃபிரெடரிக் டியூடர் என்பவர் இவ்வணிகத்தின் முன்னோடி. அவருடைய பனிக்கட்டி 1833இல் கல்கத்தாவுக்கு வந்தது. சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் என்று வழங்கும் 'ஐஸ் ஹவுஸ்' 1842இல் இந்தப் பனிக்கட்டியைச் சேமிக்கவே கட்டப்பட்டது. மணிலாவுக்கும் அந்நூற்றாண்டில் அமெரிக்கப் பனிக்கட்டி போயிற்று. பிறகு அமெரிக்கர் ஆட்சிக் காலத்தில், 1902இல், மணிலாவிலேயே ஒரு பெரிய பனிக்கட்டித் தொழிற்சாலை அமைந்தது. அதன் பின்னரே பனிக்கட்டி பொதுமக்களுக்கு எட்டும் பொருளாயிற்று. இரண்டாம் உலகப் போருக்கு முன் அங்கே குடியேறியிருந்த ஜப்பானியர், இனிப்புப் பயற்றின் மீது சீவிய பனிக்கட்டியைப் போட்டு விற்றார்கள். அதிலிருந்து வளர்ந்ததே ஹாலோ-ஹாலோ.

இனிக் கணக்குக்கு வருவோம். கோப்பையில் உள்ள பாலும் பழமும் 200 கிராம், அவற்றின் வெப்பநிலை 30° செ. என்று வைத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க, அவற்றின் வெப்ப எண்ணை நீரினுடையதாகவே கொள்வோம். அவற்றை 0° செ. வரை குளிர்விக்க 200 × 30 = 6,000 கலோரி வெப்பத்தை நீக்க வேண்டும். ஒரு கிராம் பனிக்கட்டி உருகுவதற்கு 80 கலோரி தேவை. இதுவே பனிக்கட்டியின் உள்ளுறை வெப்பம். ஆகவே 6,000 ÷ 80 = 75 கிராம் பனிக்கட்டி போதும்.

பனிக்கட்டிக்குப் பதிலாக 0° செ. வெப்பநிலையில் உள்ள 75 கிராம் தண்ணீரை ஊற்றினால் என்ன ஆகும்? கலவையின் வெப்பநிலை ஏறத்தாழ 22° செ. அளவிலேயே நின்றுவிடும். இரண்டும் ஒரே வெப்பநிலையில் இருந்தவைதாம். பனிக்கட்டி உருகும்போது விழுங்கும் வெப்பமே இவ்வளவு வேறுபாட்டுக்கும் காரணம்.

சரி, பனிக்கட்டியைச் சீவுவது ஏன்? 4 செ.மீ. பக்கமுள்ள ஒரு கனசதுரப் பனிக்கட்டியின் மேற்பரப்பு 96 சதுர செ.மீ. அதையே 1 மி.மீ. பக்கமுள்ள சிறு கனசதுரங்களாக நறுக்கினால் 64,000 துண்டுகள் கிடைக்கும். அவற்றின் மொத்த மேற்பரப்பு 3,840 சதுர செ.மீ. அதாவது நாற்பது மடங்கு! வெப்பம் மேற்பரப்பின் வழியாகத்தான் நுழைய முடியும். ஆகவே சீவிய பனி விரைவாக வெப்பத்தை உறிஞ்சி விரைவாகக் குளிர்விக்கிறது. ஹாலோ-ஹாலோவை வாங்கி வைத்துக்கொண்டு கதை பேச முடியாததற்கும் இதுவே காரணம்.

உப்புப் போட்டால் குளிர்ச்சி கூடுமா?

அடுத்து மணியோசை கேட்கிறது. வண்ணம் தீட்டிய மரவண்டியைத் தள்ளிக்கொண்டு வருபவர் 'சொர்பெத்தெரோ', அதாவது ஐஸ்க்ரீம் விற்பவர். அவர் விற்பது 'சொர்பெத்தெஸ்'. அவருடைய வண்டியில் மூடியுள்ள உலோக உருளைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு சுவை: மாம்பழம், ஊபே, பாலாடைக்கட்டி என்று பல வகை. கூம்பிலும் கொடுப்பார், பன் ரொட்டியின் நடுவே வைத்தும் கொடுப்பார். பழைய முறையில் இது எருமைப்பாலிலோ தேங்காய்ப்பாலிலோ செய்யப்படும். எருமைப்பாலில் கொழுப்பு பசும்பாலைவிட ஏறத்தாழ இரு மடங்கு. ஆகவே ஐஸ்க்ரீம் வழவழவென்று இருக்கும்.

மின்சாரக் குளிர்பெட்டி இல்லாமல் இதை எப்படி உறைய வைத்தார்கள்? மரவாளியின் நடுவே ஓர் உலோக உருளை. உருளைக்குள் இனிப்புப் பால். உருளைக்கும் வாளிக்கும் இடையே நொறுக்கிய பனிக்கட்டியும் கல்லுப்பும். உருளையைச் சுழற்றிக்கொண்டே இருப்பார்கள். நம் ஊர் குல்ஃபி வியாபாரியின் பானையிலும் இதே உப்பும் பனிக்கட்டியும்தான்.

இங்கே வகுப்பில் மாணவர்கள் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்கள். "சார், உப்புப் போட்டால் ஐஸ் உருகத்தானே செய்யும்? உருகினால் எப்படிச் சார் குளிர்ச்சி கூடும்?" நல்ல கேள்வி. விடை அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. உருகுவதால்தான் குளிர்ச்சி கூடுகிறது!

விளக்கமாகப் பார்ப்போம். 0° செ. வெப்பநிலையில் பனிக்கட்டியின் மேல் மெல்லிய நீர்ப்படலம் இருக்கும். பனிக்கட்டியிலிருந்து சில மூலக்கூறுகள் விடுபட்டு நீருக்குப் போகும். நீரிலிருந்து சில மூலக்கூறுகள் பனிக்கட்டியில் வந்து ஒட்டும். போக்கும் வரவும் சமமாக இருப்பதால் மாற்றம் எதுவும் தெரிவதில்லை. இப்போது உப்பைப் போடுகிறோம். உப்பு அந்த நீர்ப்படலத்தில் கரைகிறது. உப்பின் அயனிகள் பனிக்கட்டியில் ஒட்ட முடியாது. அவை நீர் மூலக்கூறுகளையும் தம்மோடு பிடித்து வைத்துக்கொள்கின்றன. அதனால் வரவு குறைகிறது. ஆனால் போக்கு குறையவில்லை. எனவே பனிக்கட்டி உருகிக்கொண்டே போகிறது.

உருகும் ஒவ்வொரு கிராமுக்கும் 80 கலோரி வேண்டும் அல்லவா? அதை யார் தருவார்? அடுப்பு ஏதும் இல்லை. ஆகவே கலவை தன்னிடமுள்ள வெப்பத்தையும், தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் உருளையின் வெப்பத்தையும் எடுத்துக்கொள்கிறது. வெப்பநிலை 0° செ.க்குக் கீழே இறங்குகிறது. இறங்க இறங்க, போக்கும் தளர்கிறது. எங்கே போக்கும் வரவும் மறுபடி சமமாகின்றனவோ அங்கே நிற்கும். எடையில் மூன்று பங்கு பனிக்கட்டிக்கு ஒரு பங்கு உப்பு என்ற அளவில் சேர்த்தால் −21° செ. வரைகூட இறங்க முடியும். இதற்கு 'உறைகலவை' என்று பெயர்.

இவ்வளவு குளிர்ச்சி எதற்கு? சர்க்கரை கரைந்த பால் 0° செ.இல் உறையாது. சர்க்கரையும் உப்பைப் போலவே உறைநிலையைத் தாழ்த்தும். எனவே வெறும் பனிக்கட்டியில் எத்தனை மணி நேரம் வைத்தாலும் ஐஸ்க்ரீம் கிடைக்காது.

வெளியே மரம், உள்ளே உலோகம் என்று வைத்ததையும் கவனியுங்கள். மரம் அரிதிற் கடத்தி. தெருவின் வெப்பத்தை உள்ளே விடாது. உலோகம் நற்கடத்தி. பாலின் வெப்பத்தை உடனே வெளியேற்றும். வெப்பம் வர வேண்டிய பக்கம் கதவைத் திறந்து, வரக்கூடாத பக்கம் மூடிவிட்டார்கள்! சுழற்றுவதற்கும் காரணம் உண்டு. அசையாமல் வைத்தால் உருளையின் சுவரோரம் பெரிய பனிப்படிகங்கள் வளர்ந்து கற்கண்டைப் போல நறநறக்கும். சுழற்றி வழித்துவிட்டுக்கொண்டே இருந்தால் படிகங்கள் சிறியனவாகவே நிற்கும். காற்றும் நுண்குமிழிகளாகக் கலந்து மென்மை தரும்.

இந்த ஐஸ்க்ரீமுக்கு அந்நாட்டில் 'அழுக்கு ஐஸ்க்ரீம்' என்ற பட்டப்பெயர் உண்டு. தெருவில் விற்பதால் வந்த பெயர். சிலர் அன்போடு சொல்வார்கள், சிலர் இளக்காரமாகச் சொல்வார்கள். விஞ்ஞானம் பயிலும் நாம் பெயரை வைத்துத் தீர்ப்புச் சொல்லலாகாது. உப்பும் உருகிய நீரும் உருளைக்கு வெளியேதான் இருக்கின்றன. அவை ஐஸ்க்ரீமில் சேர்வதில்லை. அதே சமயம் ஒரு தவறான நம்பிக்கையையும் விட்டுவிட வேண்டும். 'குளிரில் கிருமிகள் செத்துவிடும்' என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படி அல்ல. உறைநிலையில் பல கிருமிகள் சாவதில்லை, உறங்கவே செய்கின்றன. வயிற்றுக்குள் போய்ச் சூடு கிடைத்ததும் விழித்துக்கொள்ளும். ஆகவே கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. பாலைக் காய்ச்சினார்களா? நல்ல நீரைப் பயன்படுத்தினார்களா? கையும் கரண்டியும் சுத்தமா? இந்தக் கேள்விகள் தெருவண்டிக்கும் பொருந்தும், குளிரூட்டப்பட்ட கடைக்கும் பொருந்தும். பனிக்கட்டி நேராகவே கோப்பையில் விழும் ஹாலோ-ஹாலோவுக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

மேலும் கீழும் நெருப்பு

டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாட்கள் பிலிப்பைன்ஸ் கிறிஸ்தவர்கள் விடியுமுன் எழுந்து தேவாலயத்துக்குப் போவார்கள். வழிபாடு முடிந்து வெளியே வந்தால், வாசலிலேயே இரண்டு பண்டங்களின் மணம் அழைக்கும். ஒன்று 'பிபிங்கா'.

ஊற வைத்து அரைத்த அரிசி மாவில் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் முட்டையும் சேர்த்து, வாழையிலை விரித்த மண்சட்டியில் ஊற்றுவார்கள். சட்டியின் கீழே கரித்தணல். சட்டியை மூடும் தகட்டின் மேலும் கரித்தணல்! மேலே எதற்கு நெருப்பு?

நம் தோசையை எண்ணிப் பாருங்கள். வெப்பம் கீழிருந்து மட்டும் வருகிறது. மாவு மெல்லியதாக இருப்பதால் வெப்பம் விரைவில் மேலே எட்டிவிடும். கனமாக வார்த்தால் திருப்பிப் போட்டாக வேண்டும். பிபிங்காவோ விரற்கடைக்கு மேல் கனம். மேலே உப்பு முட்டையும் பாலாடைக்கட்டியும் வேறு பதித்திருக்கும். திருப்ப முடியாது. எனவே வெப்பம் மேலிருந்தும் வர வேண்டும்.

மேலிருந்து வெப்பம் எவ்வழியில் வரும்? சூடான காற்று மேலே போகுமே தவிரக் கீழே இறங்காது. எனவே வெப்பச் சலனம் உதவாது. காற்று அரிதிற் கடத்தி. எனவே வெப்பக் கடத்தலும் பெரிதாக உதவாது. எஞ்சியிருப்பது கதிர்வீச்சு. அதற்கு மேல், கீழ் என்ற பேதம் இல்லை. ஒரு பொருள் வீசும் வெப்பம் அதன் தனி வெப்பநிலையின் நான்காம் படிக்கு ஏற்பப் பெருகும் என்பது ஸ்டெஃபான் விதி. மூடித் தகடு 300° செ. (573 கெல்வின்) என்றும், குளிர்ந்த மூடி 30° செ. (303 கெல்வின்) என்றும் கொண்டால், சூடான தகடு ஏறக்குறைய 13 மடங்கு அதிகமாக வெப்பத்தை வீசும். இதனால்தான் பிபிங்காவின் முகம் பொன்னிறமாகச் சிவக்கிறது. நம் ஊரில் தம் பிரியாணிக்கு மூடியின் மேல் தணல் போடுவதையும் இப்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

மூங்கிலுக்குள் நீராவி

தேவாலய வாசலின் இரண்டாவது பண்டம் 'பூத்தோ பும்போங்'. 'பும்போங்' என்றால் மூங்கில் குழாய். 'பூத்தோ' என்பது அரிசிப் பண்டம். பெயரைக் கேட்டதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? ஆம், குழாய்ப் புட்டு! பெயரும் ஒத்திருக்கிறது, செய்முறையும் ஒத்திருக்கிறது. ஈர மாவை மூங்கில் குழாயில் தளர்வாக அடைத்து, கொதிக்கும் நீருள்ள பாத்திரத்தின் மேலுள்ள துளைகளில் நிறுத்துவார்கள். நீராவி மாவின் இடைவெளிகளில் புகுந்து வெளியேறும்.

ஒரு கிராம் நீராவி நீராகக் குளியும்போது 540 கலோரியை வெளியிடுகிறது. ஆனால் ஒரு கிராம் கொதிநீர் 100° செ.இலிருந்து 60° செ.க்கு ஆறினால் தருவது 40 கலோரிதான். ஆகவே சிறிதளவு ஆவியே மாவை வேகவைத்துவிடும். மாவை இறுக்கி அடைத்தால் ஆவிக்கு வழி இருக்காது, நடுவில் வேகாது. மூங்கில் அரிதிற் கடத்தி என்பதால் பக்கவாட்டில் வெப்பம் வீணாவதும் குறைவு. கேரளத்தில் பழைய மூங்கில் புட்டுக் குழாயின் மேல் கயிற்றைச் சுற்றி வைத்ததும் வெப்பத்தைக் காக்கவே.

பூத்தோ பும்போங்கின் சிறப்பு அதன் ஊதா நிறம். 'பிருருத்தோங்' என்ற கருமை கலந்த ஊதா அரிசியே அதற்கு மூலம். அவ்வரிசியில் உள்ள நிறப்பொருள் ஆந்தோசயனின். நம் கறுப்புக் கவுனி அரிசியிலும் அதுவே உள்ளது. பிருருத்தோங் இன்று அருகிவிட்டது, விலையும் அதிகம். எனவே பலர் சாதாரணப் பசை அரிசியில் ஊபேயையோ செயற்கைச் சாயத்தையோ கலந்து ஊதாவாக்குகிறார்கள். பண்டத்தின் பெயர் அதேதான், நிறமும் அதேதான், ஆனால் அரிசி வேறு. விளைவிப்போர் குறைந்தால் ஒரு நெல் வகையே மறைந்து போகும். மறைந்த நெல்லை எந்தச் சோதனைச்சாலையும் சாயக் குப்பியிலிருந்து மீட்டுத் தர முடியாது.

பொரியும் காவடியும்

இன்னும் இரண்டைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். 'அம்பாவ்' என்பது அவர்களுடைய பொரி. சோற்றை வெயிலில் உலர்த்தி, காய்ந்த எண்ணெயில் போட்டால் நம் வடாம் போலப் பொரியும். பிறகு பாகில் கலந்து பிடிப்பார்கள். உலர்ந்த பருக்கைக்குள் சிறிது ஈரம் மீந்திருக்கும். 18 கிராம் நீர் 100° செ. ஆவியாகும்போது 30.6 லிட்டர் இடத்தை அடைக்கும். அதாவது ஏறத்தாழ 1,700 மடங்கு! அந்த ஆவி, சூட்டில் இளகிய பருக்கையை உள்ளிருந்து ஊதிப் பெருக்குகிறது. ஈரம் அறவே போய்விட்டால் பொரியாது. அதிகமாக இருந்தாலும் மொறுமொறுப்பு வராது.

காலையில் "தஹோ!" என்று நீட்டிக் கூவிக்கொண்டு வருபவர், காவடித் தண்டின் இரு முனைகளிலும் வாளிகளைச் சுமந்திருப்பார். ஒன்றில் சோயாப் பாலைத் திரித்துச் செய்த சூடான, இளம் தயிர் போன்ற தஹோ. மற்றதில் வெல்லப் பாகும் ஜவ்வரிசியும். எடுத்துக்காட்டாக, தஹோ வாளி 20 கிலோ, பாகு வாளி 10 கிலோ, தண்டின் நீளம் 150 செ.மீ. என்று கொள்வோம். தண்டின் எடையை விட்டுவிடுவோம். திருப்புத்திறன்கள் சமமாக வேண்டுமானால் தோள், தஹோ வாளியிலிருந்து 50 செ.மீ. தூரத்தில் இருக்க வேண்டும். விற்க விற்கத் தோள் இருக்கும் இடமும் நகரும். நெம்புகோல் விதியைத் தோளாலேயே கணக்கிடும் மனிதர் அவர்!

நீங்களே செய்து பாருங்கள்

1. சிறிய எவர்சில்வர் தம்ளரில் காய்ச்சி ஆறவைத்த இனிப்புப் பால் கால் பங்கு ஊற்றுங்கள். பெரிய பாத்திரத்தில் நொறுக்கிய பனிக்கட்டி மூன்று பங்கு, கல்லுப்பு ஒரு பங்கு கலந்து நடுவில் தம்ளரை வையுங்கள். பாத்திரத்தைத் தடித்த துணியால் சுற்றுங்கள். உப்பு நீர் தம்ளரில் விழாமல் பாலைக் கரண்டியால் கிளறிக்கொண்டே இருங்கள். பெரியவர்கள் உடனிருக்கச் செய்யுங்கள். உறைகலவையை வெறுங்கையால் தொடக்கூடாது, தோல் புண்ணாகிவிடும்.

2. கறுப்புக் கவுனி அரிசியை ஊற வைத்து ஊதா நீரை வடித்துக்கொள்ளுங்கள். மூன்று கண்ணாடித் தம்ளர்களில் ஊற்றுங்கள். ஒன்றில் எலுமிச்சைச் சாறு, ஒன்றில் சமையல் சோடா சேருங்கள். மூன்றாவதை ஒப்பிட அப்படியே வையுங்கள். எலுமிச்சை சேர்த்தது சிவக்கும், சோடா சேர்த்தது நீலம் அல்லது பச்சையின் பக்கம் சாயும்.

சிந்தியுங்கள்

இரண்டாவது சோதனையைக் கொண்டு ஒரு பூத்தோ பும்போங்கை ஆராய்வதாக வைத்துக்கொள்வோம். எலுமிச்சை பட்டதும் நிறம் மாறினால், அது உண்மையான பிருருத்தோங் அரிசிதான் என்று சொல்லிவிடலாமா? அவசரப்படாதீர்கள். ஊபேயிலும் ஆந்தோசயனின் உண்டு! நிறம் மாறினால், 'இதில் தாவர நிறப்பொருள் இருக்கக்கூடும்' என்ற அளவில்தான் சொல்லலாம். எந்தத் தாவரம் என்று சொல்ல அந்தச் சோதனையால் இயலாது. அப்படியானால் அரிசியையும் கிழங்கையும் வேறுபடுத்தி அறிய வேறு என்ன சோதனை செய்யலாம்? உங்கள் ஆசிரியருடன் கலந்து பேசி, ஒரு வழியை நீங்களே வகுத்துப் பாருங்கள்.